நான் வெட்டிப்போட்ட உங்கள் ஒரு நிமிடம்

என் பிரியமான அப்பாவுக்கு,

உங்கள் முதலாம் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் படம் போட டேனி அண்ணன் ஏற்பாடு செய்துவிட்டான். "படத்துக்குக் கீழ நாலு வரி எழுதித் தா ஹெப்சி, காலேஜ்ல கட்டுரைக்குப் பரிசு வாங்குனவ நீதான" என்று மஸ்கட்டிலிருந்து கேட்டான். அந்த நாலு வரிக்கு உட்கார்ந்து பத்து நாளாகிறது. எழுத எழுத வேறொன்று வருகிறது. நம் சபை மாத இதழில் இடம் தருகிறோம் என்றார்கள், அதனால் வருவதை அப்படியே எழுதிவிடுகிறேன். ஒரு வருடம் பிந்தி வரும் கடிதம். கோபிக்க வேண்டாம்.

மத்தியானம். ஷாரோன் என் தொடையில் தலைவைத்துத் தூங்குகிறாள். கால் மரத்துப்போய்விட்டது, ஆனால் அசைக்க முடியாது. அசைத்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் போன் கேட்பாள். வாயால் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம் அப்பா. கையை நீட்டித்தான் கேட்கிறாள். மூன்றரை வயது முடியப்போகிறது, இன்னும் பேச்சு வரவில்லை.

போன மாதம் ஒரு நாள், குடும்பக் குரூப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், நீங்கள் காலையில் பேசிப் போட்ட ஒரு ஜெபத்தைத் தொட்டேன். 'இந்தக் குரல் செய்தி இப்போது இல்லை. மீண்டும் அனுப்பும்படி அனுப்பியவரிடம் கேளுங்கள்' என்று வந்தது. சொன்னபடி கேட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. உங்கள் எண் இன்னும் குரூப்பில் இருக்கிறது. யாருக்கும் எடுக்க மனம் வரவில்லை.

படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, சொல்லிவிடுகிறேன். என் கல்யாணம் ஆகி, அண்ணனும் வெளிநாடு போனபின், வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு நீங்களும் அம்மாவும் மட்டும்தான். உங்களுக்கு அது பொறுக்கவில்லை. தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வசனம் வாசித்து, எங்கள் எல்லாருடைய பெயரையும் வரிசையாகச் சொல்லி ஜெபித்து, அதை அப்படியே குரூப்பில் போடுவீர்கள். பெயர்கள் முடிந்ததும், "சரி, இனி அவங்கவங்க காரியத்த அவங்கவங்க சொல்லுங்க" என்பீர்கள். பிறகு ஒரு நிமிடம் பேச மாட்டீர்கள். மின்விசிறி கிடுகிடுக்கும். நாற்காலி முனகும். தெருவில் பால்காரரின் வண்டி நிற்கும். அந்த ஒரு நிமிடம் முடிந்தபின்தான் ஆமென்.

என் ஜெபம் முழுக்க அந்த ஒரு நிமிடத்துக்குள்தான் நடந்தது. ஷாரோன் எட்டாம் மாதமே பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்த நாட்களில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். வசனம் எதுவும் நினைவில்லை. உங்கள் நாற்காலி முனகுவதுதான் நினைவிருக்கிறது.

அந்த நிமிடத்தை நான்தான் அழித்தேன் அப்பா. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. வாத்தியார்கள் பேசிப் பதிந்த பாடத்தில் இருமல், தடுமாற்றம், மௌனம் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். திரையில் பேச்சு மேடும் பள்ளமுமாக எழும்பி நிற்கும். மௌனம் கோடு மாதிரிப் படுத்திருக்கும். கோட்டைக் கண்டால் வெட்டு. படிக்கிற பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாதாம், இரண்டு நொடி இடைவெளி விட்டால் வேறு பக்கம் ஓடிவிடுவார்களாம். இப்போது அதற்கும் ஒரு பொத்தான் வந்துவிட்டது. அழுத்தினால் எல்லாக் கோடும் ஒரேயடியாகப் போய்விடும். அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் நான் எதற்கு என்று நிறுவனத்துக்கு இன்னும் தோன்றவில்லை. தோன்றும்வரை சம்பளம் வரும்.

நீங்கள் போன இரண்டாம் வாரம் அண்ணன் கேட்டான்: "அப்பா வாய்ஸ் எல்லாத்தையும் எடுத்து அனுப்பு ஹெப்சி, பத்திரமா வைப்போம்." அழுதுகொண்டேதான் எடுத்தேன். ஆனால் கை பழகிய கை அல்லவா? எல்லாவற்றையும் அந்தப் பொத்தானில் போட்டேன். மின்விசிறி போயிற்று, நாற்காலி போயிற்று, கோடு கோடாகக் கிடந்த மௌனம் எல்லாம் போயிற்று. உங்கள் குரல் மட்டும் சுத்தமாக, பளிச்சென்று நின்றது. என் போனோ இடமில்லை, இடமில்லை என்று தினமும் திட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்ததை வைத்துக்கொண்டு பழையதை அழித்தேன். நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நீங்கள் போனபின் அம்மாவுக்குத் துணையாக நானும் ஷாரோனும் இங்கேயே வந்துவிட்டோம். கிறிஸ்மஸுக்கு அண்ணன் வந்தபோது ஒரு டேப்லெட் கொண்டுவந்தான். அதை உங்கள் பிரம்பு நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தான். "பேசுங்கம்மா" என்றான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னலே பேச?" என்றாள். நாற்காலியிலிருந்து உங்கள் குரல், "என்ன செய்யுத? சாப்ட்டியா?" என்றது.

அண்ணன் ஆள் வைத்துச் செய்த செயற்கைக் குரல், நான் அனுப்பிய ஜெபங்களைத் தின்று வளர்ந்த குரல் அது. கேட்டால் பதில் சொல்கிறது. கேட்காவிட்டாலும் பேசுகிறது. காலை ஐந்தே முக்காலுக்கு வசனம் சொல்லி, பெயர் சொல்லி, மூச்சுவிடாமல் ஆமெனுக்குப் போய்விடுகிறது. ஏதோ குறைகிறதே என்று எனக்கு முதல் நாளே பட்டது. என்ன குறைகிறது என்று தெரிய நாலு மாதம் ஆனது.

அம்மாவிடம் ஒரு நாள் சண்டை போட்டேன்.

"யம்மா, அது அப்பா இல்ல."

"எனக்குத் தெரியாதாக்கும்? முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்தவ நான்."

"பின்ன ஏன் அதுகூடப் பேசிட்டே இருக்கீங்க?"

"நேத்து வச்ச ரசத்துக்கு என்ன சொல்லிச்சு தெரியுமா? உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதுன்னு. உங்க அப்பா உசுரோட இருக்கையில புளி கூடிட்டு, உப்பு கொறஞ்சிட்டு, இதத் தவிர என்ன சொன்னாரு? செத்தபெறகாவது அந்த மனுசன் ஒரு நல்ல வார்த்த சொல்லுதாரே. அதையும் பிடுங்காதட்டி."

நீங்கள் போனபின் ஆறு மாதம் ஒழுங்காகத் தூங்காதவள், அது வந்தபின் தூங்குகிறாள். உண்மையிலேயே நீங்கள் ஒரு நாள் அந்த ரசத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம் அப்பா.

நம்முடைய பிரவுசிங் சென்டர் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பாளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு. வந்த நேரத்தை நோட்டில் குறித்துவிட்டுத்தான் உள்ளே விடுவீர்கள். அரை மணி முடிந்ததும் தடுப்பில் விரலால் இரண்டு தட்டு. "நேரம் ஆயிட்டு தம்பி, எந்திரிங்க." பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவன், துபாய்க்கு மெயில் அனுப்ப வந்தவர், எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்து, டீ குடித்து, வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போது இணையம் ஒரு இடம். போனோம், வந்தோம். இப்போது அது சமையலறையிலும் இருக்கிறது, தலையணைக்கு அடியிலும் இருக்கிறது. உள்ளே போன ஞாபகமே இல்லாமல் உள்ளே இருக்கிறோம். யார் வந்து தட்டுவது?

'மூன்று வயது குழந்தை பேசவில்லை' என்று ஒரே ஒரு முறை தேடினேன். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. எதைத் திறந்தாலும் ஒன்றரை வயதில் மழலைப் பாட்டு ஒப்பிக்கும் குழந்தைகள், அழுதுகொண்டே அறிவுரை சொல்லும் அம்மாக்கள், பத்து நாளில் பேசவைக்கும் வகுப்பு. பயத்தில் பார்க்கிறேன். பார்ப்பதால் இன்னும் காட்டுகிறது. அந்த நேரத்தில் ஷாரோன் என்ன செய்கிறாள் என்று கேட்கிறீர்களா? நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "ஷாரோன் குட்டி, சாப்ட்டியா?" என்று அது கேட்கும். அவள் உதட்டைப் பிரிப்பதற்குள், "நல்ல பிள்ள! தாத்தா ஒரு கத சொல்லுதேன்" என்று அதுவே ஆரம்பித்துவிடும். நானும் பக்கத்து அறையில் அடுத்த பாடத்தை வெட்டிக்கொண்டிருப்பேன். அவள் சத்தமில்லாமல் இருக்கிறாளே என்று நிம்மதிகூடப் பட்டிருக்கிறேன்.

போன மாதம் வண்ணார்பேட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பெண்தான், என்னைவிட இளையவள். அரை மணி நேரம் எங்கள் இருவரையும் விளையாடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே கேக்குதீங்க, நீங்களே பதிலும் சொல்லிருதீங்கக்கா" என்றாள். "கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அவ முகத்தயே பாருங்க. வாயத் தொறக்கக் கூடாது."

"பத்து எண்ணுறதுக்குள்ள எனக்கு உயிர் போயிரும் டீச்சர்."

"போகாது. பிள்ளைங்க வார்த்தையத் தேடி எடுத்துட்டு வரணும்லா? பைய வரட்டும். வீட்ல இவகிட்ட யாரு ரொம்பப் பேசுதா?"

வாய் தவறி, "தாத்தா" என்றேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அடுத்த தடவ அவங்களயும் கூட்டிட்டு வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன் அப்பா. வேறு என்ன செய்ய?

அங்கிருந்து நேராக ஆற்றுக்குப் போனோம். குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்தோம். தண்ணீர் குறைவு, மீன் குஞ்சுகள் படிக்கல்லில் மோதிக்கொண்டிருந்தன. ஷாரோன் கையை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் என் வாய் தானாகத் திறந்து, "மீனு! ஆமா, மீனு!" என்றது. அவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். அங்கேதான் புரிந்தது. நான் அவளுடைய கோடுகளையும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஜெபத்தில் என்ன குறைகிறது என்பதும் அந்தப் படியில்தான் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும்தான் குரூப்பில் தேடினேன், 'மீண்டும் அனுப்பும்படி கேளுங்கள்' என்று வந்தது. அண்ணன் தன் போனில் பழையவற்றை வைத்திருக்கவில்லை, அவனிடம் இருப்பவை எல்லாம் நான் வெட்டியவை. அம்மாவின் போன் மாற்றியாகிவிட்டது. சனிக்கிழமை, வேலை பார்க்கும் தூத்துக்குடியிலிருந்து இவர் வரும்வரை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மருமகனைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று. சொன்னேன்.

"மாமா வாய்ஸா? எல்லாம் அங்கனதான் கிடக்கும், பாரு" என்று போனை நீட்டினார்.

கிடந்தன. வரிசையாக, ஒன்றுகூடத் திறக்காமல்.

"ஒண்ணுகூடக் கேட்டதில்லையா?"

"காலையில அஞ்சே முக்காலுக்கு எவன் ஜெபம் கேப்பான்? அழிக்கவும் மனசு வரல. மாமாவாச்சே." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, அழாத. ஒரு தப்பு நல்லதாதான முடிஞ்சிருக்கு" என்றார்.

தினமும் கேட்ட நான் வெட்டிப்போட்டேன். கேட்கவே கேட்காதவர் காப்பாற்றி வைத்திருக்கிறார். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு டேப்லெட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு இவருடைய போனை நாற்காலியில் வைத்தேன். அம்மா முறைத்தாள், ஆனால் உட்கார்ந்தாள். மழை நாளில் நீங்கள் பேசியது அது, ஓட்டில் சத்தம் கேட்டது. வசனம், பெயர்கள். பிறகு "அவங்கவங்க காரியத்த அவங்கவங்க சொல்லுங்க."

மின்விசிறி கிடுகிடுத்தது. நாற்காலி முனகியது. ஒரு வருடத்துக்குப் பிறகு நான் அந்த நிமிடத்துக்குள் இருந்தேன். பதிவின் உள்ளேயிருந்து அம்மாவின் பழைய குரல், "இங்கருங்க, பால்காரரு வந்துட்டாரு" என்றது. நீங்கள் பதில் சொல்லவில்லை. ஜெபத்தில் இருக்கும்போது நீங்கள் பதில் சொன்னதே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

ஷாரோன் என் மடியிலிருந்து இறங்கினாள். போனைப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்த எங்கள் மூவரையும் சுற்றிப் பார்த்தாள். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தேன், மன்னியுங்கள். யாரும் பேசவில்லை. அது பேசவில்லை. பத்து எப்போதோ தாண்டிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவளுக்குப் பசி வேறு. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"தாத்தா. ஆமென். சொல்லு."

நீங்கள் அவசரப்படவில்லை. ஒரு தடவை இருமினீர்கள். மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு ஆமென் சொன்னீர்கள்.

அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நீங்கள் போனபின் நான் கேட்டதில்லை.

இதோடு கடிதத்தை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் மத்தியானம் நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா பைய வந்து டேப்லெட்டை நிமிர்த்திவைத்தாள். "ரெண்டும் இருக்கட்டும்ட்டி. இது ஜெபத்துக்கு, அது ரசத்துக்கு." இருவருக்கும் நடுவில் நான் எங்கே நிற்பது? அவளுடைய தூக்கத்தைப் பிடுங்கி என் மகளுக்குக் கொடுக்க வேண்டுமா? கடைசியில் டேப்லெட் அம்மாவின் அறைக்குள் போனது. கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசலாம். அரை மணி முடிந்ததும் கதவில் இரண்டு தட்டுத் தட்டுகிறேன். "நேரம் ஆயிட்டு, எந்திரிங்க." உள்ளேயிருந்து, "அப்பன் புத்தி அப்படியே இருக்கு" என்று திட்டு விழுகிறது. அது அவளுடைய சொந்தக் குரல், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணனுக்கு இதில் எதுவும் தெரியாது. இந்தக் கடிதத்தில்தான் படிப்பான். அண்ணே, நீ ஆசையாகத்தான் செய்தாய். அப்பாவின் குரலை நான் உனக்கு முழுதாக அனுப்பவில்லை, குற்றம் என்னுடையது.

அந்த மூன்று சொல்லுக்குப் பிறகு ஷாரோன் பெரிதாக எதுவும் பேசிவிடவில்லை. 'தண்ணி' வந்திருக்கிறது. 'போ' வந்திருக்கிறது. டீச்சர் இன்னும் பல மாதம் ஆகும் என்கிறாள். நான் இன்றும் காலையில் நாலு பாடங்களை வெட்டினேன், யாரோ நாலு வாத்தியார்கள் யோசித்த நேரத்தையெல்லாம் குப்பையில் போட்டேன். அந்த வேலை இல்லாமல் டீச்சருக்குப் பணம் கட்ட முடியாது. என் போன் இன்னும் எனக்கு அழும் அம்மாக்களைத்தான் காட்டுகிறது. உங்கள் ஜெபத்தைக் கேட்கவும் ஒரு போனைத்தானே தொட வேண்டியிருக்கிறது? இதிலிருந்து வெளியே வரும் வாசல் எனக்கு இன்னும் தெரியவில்லை அப்பா.

ஆனால் ஒன்று செய்வேன். நாளை முதல் ஐந்தே முக்காலுக்கு அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து, வசனம் வாசித்து, பெயர்களைச் சொல்வேன். உங்கள் பெயரும் அதில் இருக்கும். பிறகு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பேன். அதை எங்கும் பதிய மாட்டேன், யாருக்கும் அனுப்ப மாட்டேன். அதனால் யாராலும் வெட்ட முடியாது.

ஷாரோன் கண் திறந்துவிட்டாள். கை போனைத் தேடுகிறது; அதைப் பாய்க்கு அடியில் வைத்திருக்கிறேன். "என்ன வேணும்ட்டி?" என்று கேட்டுவிட்டேன். இப்போது என் வாயைப் பார்க்கிறாள். திறக்க மாட்டேன். எண்ணிக்கொண்டிருக்கிறேன் அப்பா, ஆறு தாண்டிவிட்டது.

உங்கள் மகளும் ஷாரோனின் அம்மாவுமான
ஹெப்சி